மத்திய வங்கியின் வட்டிக் குறைப்பை வன்னியிலிருந்து வாசிப்பது எப்படி

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே அறிவிப்பில் 2.5 சதவீதப் புள்ளிகளால் குறைத்தது. அதற்கு அடுத்த வாரம் வன்னியில் மல்லாவிப் பக்கத்தில் நடந்த கமக்காரர் அமைப்புக் கூட்டமொன்றில், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றை லீசிங்கில் எடுத்திருந்த முதியவர் ஒருவர் என்னிடம், "வட்டி குறைஞ்சிட்டுதாம் தம்பி, அப்ப நான் மாசம் கட்டுற காசும் குறையுமோ?" என்று கேட்டார். கூட்டுறவுச் சங்கமொன்றில் பல ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்ற துணிவில், "குறையும் ஐயா" என்று சொல்லிவிட்டேன். அது பிழையான பதில். அவருடைய உடன்படிக்கை நிலையான வட்டிக்கு எழுதப்பட்டிருந்ததால், கடைசித் தவணை வரை அவர் கட்டிய தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. மத்திய வங்கி எதை மாற்றுகிறது, அந்த மாற்றம் எந்த வழியாக நம்மிடம் வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அதை வைத்துக் கடனையும் வைப்பையும் எவ்வாறு தீர்மானிப்பது என்பவற்றை அன்றே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் மாறுவது எது

பொருளாதாரம் மந்தமாகி, கடைகளில் விற்பனை குறைந்து, வேலையற்றோர் பெருகும் காலத்தில் மத்திய வங்கி செய்யக்கூடியது கடன் வாங்குவதை மலிவாக்கி, அதன் மூலம் செலவையும் முதலீட்டையும் தூண்டுவது. ஆனால் நம் ஊர்க் கிளையின் சுவரில் ஒட்டியிருக்கும் வட்டிப் பட்டியலை மத்திய வங்கி எழுதுவதில்லை. வங்கிகள் தமக்குள் ஓர் இரவுக்குக் கைமாற்று வாங்கும் விலையையே அது தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு வங்கிக்கும் மத்திய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. பகல் முழுவதும் காசோலைகளும் பணமாற்றங்களும் நடந்து முடிந்த பின், ஒரு வங்கியின் கணக்கில் பணம் மிஞ்சியிருக்கும், இன்னொன்றில் குறைந்திருக்கும். குறைந்த வங்கி, மிஞ்சிய வங்கியிடம் மறுநாள் வரைக்கும் வாங்கிச் சமாளிக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அழைப்புப் பணச் சந்தை என்று பெயர். மிஞ்சிய பணத்தை மத்திய வங்கியிடமே வைத்தால் கிடைக்கும் வட்டி துணைநில் வைப்பு வசதி வீதம். வேறெங்கும் கிடைக்காமல் மத்திய வங்கியிடம் கடன் கேட்டால் கட்ட வேண்டிய வட்டி துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம். முதலாவதற்குக் குறைவாக எந்த வங்கியும் பிற வங்கிக்குக் கொடுக்காது, இரண்டாவதற்கு மேலாக எந்த வங்கியும் பிற வங்கியிடம் வாங்காது என்பதால், ஓரிரவு வட்டி இந்த இரண்டுக்கும் இடையிலேயே நிற்கும். நீண்ட காலம் இவ்விரண்டையுமே கொள்கை வட்டி வீதங்கள் என்று அறிவித்து வந்த மத்திய வங்கி, 2024 நவம்பர் 27ஆம் திகதி முதல் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒரே எண்ணை 8 சதவீதமாக வைத்து, மற்ற இரண்டையும் அதற்கு அரைச் சதவீதம் கீழும் அரைச் சதவீதம் மேலுமாக நிறுத்தியது. 2025 மே மாதத்தில் அது 7.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நீங்கள் இதை வாசிக்கும் நாளில் அந்த எண் வேறாக இருக்கலாம். வாசிக்கும் முறை மாறாது.

தமிழகத் தொலைக்காட்சிகளில் 'ரெப்போ வட்டி' என்று கேட்டுப் பழகியவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி தான் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதத்தை ரெப்போ என்கிறது. இலங்கையிலோ, மீள்கொள்வனவு வீதம் என்று முன்பு வழங்கியது வங்கிகள் மத்திய வங்கியிடம் பணத்தை வைக்கும்போது பெறும் வட்டியை. ஒரே சொல் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் எதிரெதிர்ப் பக்கங்களைக் குறித்தது.

ஓரிரவு வட்டியை அறிவித்தால் மட்டும் போதாது. சந்தையில் அந்த விலை நிலைக்கும் அளவுக்குப் பணம் இருக்க வேண்டும். அதற்குத்தான் திறந்த சந்தைத் தொழிற்பாடுகள். அரசாங்கம் கடன் வாங்குவதற்காக வெளியிட்ட திறைசேரி உண்டியல்களையும் முறிகளையும் மத்திய வங்கி வங்கிகளிடமிருந்து வாங்கினால், அவற்றின் கணக்குகளில் பணம் ஏறி ஓரிரவு வட்டி இறங்கும். விற்றால் எதிர்மாறாக நடக்கும். (நம்மவர்களுக்கு உண்டியல் என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகள் வங்கிக்குப் புறம்பாகக் காசு அனுப்பும் வழிதான் நினைவுக்கு வரும். திறைசேரி உண்டியல் அதுவன்று; 91, 182, 364 நாட்களில் அரசாங்கம் திருப்பிக் கொடுப்பதாக உறுதியளிக்கும் கடன் பத்திரம்.)

மூன்றாவது கருவி நியதி ஒதுக்கு விகிதம். மக்கள் ரூபாவில் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் குறிப்பிட்ட பகுதியை வங்கி வட்டியின்றி மத்திய வங்கியில் கிடத்தி வைக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் இந்தப் பகுதி 4 ரூபாவிலிருந்து 2 ரூபாவாகக் குறைக்கப்பட்டபோது ஏறத்தாழ 200 பில்லியன் ரூபா வங்கிகளின் கைக்கு விடுபட்டது. கொடுத்த கடன் மறுபடி வைப்பாக வந்து மறுபடி கடனாகப் போவதால், 2 சதவீத ஒதுக்கு என்றால் ஒரு ரூபா 50 ரூபாக் கடனாகப் பெருகும் என்று பாடசாலைப் பொருளியல் சொல்லித் தரும். நடைமுறையில் வங்கியின் மூலதனமும், நம்பிக் கொடுக்கத்தக்க கடனாளிகளின் எண்ணிக்கையும், கடன் கேட்டு வருவோரின் மனத்துணிவும் அதை எங்கோ நிறுத்திவிடுகின்றன. 2023இல் விடுபட்ட பணத்தின் முன்னால் நின்ற வங்கிகள் முதலில் நாடியது உறுதியான வருமானம் தரும் அரச பத்திரங்களையே அன்றி நம் நெற்கமக்காரரை அன்று என்பது என் கணிப்பு.

அரிதாக, மத்திய வங்கி நேரடியாகவே உச்சவரம்பு விதிப்பதும் உண்டு. அதே 2023 ஆகஸ்டில், கொள்கை வட்டி இறங்கியும் வங்கிகள் கடன் வட்டியை இறக்கச் சுணங்கியதால், நகை அடைவுக் கடனுக்கு 18 சதவீதம், முன்னேற்பாடு செய்த தற்காலிக மேலதிகப் பற்றுக்கு (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பதற்கு) 23 சதவீதம், கடனட்டைக்கு 28 சதவீதம் என்று எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தது. வன்னியைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் அறிவிப்புகளில் உடனடியாக உணரப்பட்டது இதுதான் என்று கருதுகிறேன். ஏனெனில் விதைப்புக்குக் காசு தேடும் வீட்டில் முதலில் வெளியே போவது காணி உறுதியன்று, தாலிக்கொடி.

துரிசிலிருந்து கடைசி வயல் வரை

இரணைமடுக் குளத்தின் துரிசை, அதாவது மதகைத் திறந்த மறுகணமே வாய்க்காலின் கடைசி வயலில் நீர் நிற்பதில்லை. வட்டியும் அவ்வாறே. ஓரிரவு வட்டி அறிவித்த அன்றே மாறும். திறைசேரி உண்டியல் வட்டி அடுத்த ஏலங்களில் மாறும். பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கும் வட்டி சில வாரங்களில் மாறும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள கிளையில் சிறு வியாபாரிக்குச் சொல்லப்படும் வட்டி மாறச் சில மாதங்கள் செல்லும். அந்தக் கடனால் ஒரு அரிசி ஆலை விரிவடைந்து வேலைவாய்ப்பும் விற்பனையும் கூடுவதற்கு ஓராண்டுக்கும் மேலாகலாம். உவமை ஓரிடத்தில் முறிகிறது: நீர் கேட்காமலே பள்ளத்துக்கு ஓடும், கடன் கேட்பவர் இல்லாமல் ஓடாது.

இந்த வாய்க்கால் வங்கிகளின் ஊடாகவே வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்குக் கொடுப்பவர் மத்திய வங்கியின் அறிவிப்பைப் பார்த்து வட்டி சொல்வதில்லை. கிழமைக்குக் கிழமை பெண்கள் குழுவிடம் வந்து வசூலிக்கும் நுண்நிதிக் கடன்களிலும், வட்டியின் பெரும்பகுதி வசூலிப்புச் செலவுக்கும் இழப்புக்கும் போவதால், கொள்கை வட்டியின் ஏற்ற இறக்கம் மங்கலாகவே தெரியும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன் பெற்ற பெண்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அது அரசாங்கம் தன் நிதியிலிருந்து செய்த ஏற்பாடு, நாணயக் கொள்கை அன்று. இரண்டையும் கலந்து பேசுவது வழக்கமாகிவிட்டது. வரி, மானியம், நிவாரணம், அரச செலவு ஆகியவை திறைசேரியின் வேலை. பணத்தின் விலையும் அளவும் மத்திய வங்கியின் வேலை.

வட்டி இறங்கும்போது வேறு இரு வாய்க்கால்களும் திறக்கின்றன. ரூபாவில் வைத்தால் கிடைக்கும் பயன் குறைவதால் சிலர் டொலரையும் இறக்குமதிப் பொருளையும் நாடுவர், அதனால் ரூபாவின் மதிப்பு இறங்கலாம். ஏற்றுமதியாளருக்கும் வெளிநாட்டுப் பணம் பெறும் குடும்பத்துக்கும் அது நன்மை, உரமும் எரிபொருளும் வாங்குபவருக்குத் தீமை. மற்றது எதிர்பார்ப்பு: வட்டி இன்னும் சில மாதங்களுக்குத் தாழ்ந்தே இருக்கும் என்று நம்புகிற கடைக்காரர் இன்றே சரக்கு எடுப்பார், நம்பாதவர் எடுக்கமாட்டார்.

அறிவிப்பை வாசித்தல்

நாணயக் கொள்கை மீளாய்வு 2024இலும் 2025இலும் ஆண்டுக்கு ஆறு முறை நடந்தது. திகதிகள் முன்கூட்டியே வெளியிடப்படும். அறிக்கை தமிழிலும் வரும். நீண்ட அறிக்கை முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. முதலில் ஓரிரவுக் கொள்கை வீதம் எவ்வளவு என்பதையும், முந்தியதிலிருந்து எத்தனை அடிப்படைப் புள்ளிகள் மாறியது என்பதையும் பாருங்கள். 100 அடிப்படைப் புள்ளிகள் ஒரு சதவீதப் புள்ளி; ஆகவே 25 என்றால் கால் சதவீதம். கால் சதவீதக் குறைப்பை வைத்து ஒருவர் தன் கடன் திட்டத்தை மாற்றத் தேவையில்லை. ஐந்து இலட்சம் ரூபாவுக்கு ஆண்டில் 1,250 ரூபா வித்தியாசம், அதுவும் முழுமையாக வந்து சேர்ந்தால்.

அடுத்து, ஏன் குறைத்தார்கள் என்ற பந்தி. 2023 செப்டெம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த மத்திய வங்கிச் சட்டம் விலை உறுதிப்பாட்டை வங்கியின் முதன்மை நோக்கமாக வைத்தது. அதன் கீழ் அரசாங்கத்துடன் செய்த உடன்படிக்கை பணவீக்க இலக்கை 5 சதவீதமாக நிர்ணயித்து, இருபுறமும் 2 சதவீதப் புள்ளி இடம் விட்டது. தொடர்ந்து இரு காலாண்டுகள் அந்த எல்லைக்கு வெளியே போனால் மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். பணவீக்கம் எல்லைக்கு மேலே போனால் மட்டுமன்றிக் கீழே போனாலும் இது பொருந்தும். மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைந்ததையொட்டிக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி காட்டும் பணவீக்கம் 2024 செப்டெம்பரிலிருந்து பல மாதங்கள் பூச்சியத்துக்குக் கீழே, மறைப் பக்கத்தில் நின்றது. 2025 மே மாதக் குறைப்புக்கு இடம் கொடுத்தது அந்தத் தாழ்வே. ஆகவே அறிக்கையில் பணவீக்கம் இலக்குக்குக் கீழே என்று எழுதியிருந்தால் வட்டி உடனே ஏறும் அச்சம் குறைவு. இலக்கைத் தாண்டும் என்று எழுதியிருந்தால், இன்று கிடைக்கும் தாழ்ந்த வட்டியை நிலையான வட்டியாக எழுதிக்கொள்வது நல்லது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது ஒவ்வொரு கிழமையும் வெளியாகும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம். பெயர் நீளமே தவிரப் பொருள் எளிது: அந்தக் கிழமையில் வர்த்தக வங்கிகள் தம் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த குறுங்காலக் கடன்களின் சராசரி வட்டி. புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அந்தச் சிறந்த வாடிக்கையாளர்களில் ஒருவரல்லர் என்பதால், அவருக்கு அதற்கு மேலே சில சதவீதப் புள்ளிகள் சேர்த்துச் சொல்லப்படும். அந்தச் சேர்ப்பு எத்தனை என்பதை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். அந்த முதன்மை வீதம் மூன்று சதவீதப் புள்ளிகள் இறங்கிய பின்னும் கிளை சொல்லும் வட்டி அசையவில்லையென்றால், முகாமையாளரிடம் கேட்பதற்கு உங்களிடம் ஒரு எண் இருக்கும்.

கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் உண்டு. அங்கே பொதுமக்களுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. நிதி நிறுவனத்தின் நடத்தை பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கம் இருக்கிறது. முதலில் குறித்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டு அதன் பிரதியை வைத்துக்கொண்டு அழைப்பது பயன் தரும்.

கிளையில் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியைத்தான் அந்த முதியவருக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து வைப்பதற்கு முன் கேட்கும் முதற் கேள்வி: வட்டி நிலையானதா, மாறுபடுவதா? மாறுபடும் வட்டியென்றால் எந்த வீதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, எத்தனை மாதத்துக்கொரு முறை மாற்றுவார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கொள்கை வட்டி உச்சியில் நிற்கும் காலத்தில் நிலையான வட்டிக்கு நீண்ட காலம் கட்டுப்படுவதும், அடியில் நிற்கும் காலத்தில் மாறுபடும் வட்டிக்குக் கட்டுப்படுவதும் ஒரே வகைத் தவறின் இரு முகங்கள்.

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை: வட்டி குறைந்துசெல்லும் மீதிக்கா, முழு முதலுக்குமா? ஐந்து இலட்சம் ரூபாவை 36 மாதத் தவணையில், குறைந்துசெல்லும் மீதிக்கு ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் எடுத்தால் மாதம் ஏறத்தாழ 19,616 ரூபா கட்ட வேண்டும். அதே கடன் 14 சதவீதமென்றால் மாதம் 17,089 ரூபா. மூன்று ஆண்டில் ஏறத்தாழ 91,000 ரூபா மிச்சம். இப்போது இன்னொருவர் 14 சதவீதம் என்று சொல்லி, ஆனால் முழு முதலுக்கும் கடைசி வரை வட்டி போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு வட்டி 2,10,000 ரூபா, முதலோடு சேர்த்து 7,10,000, மாதத்துக்கு 19,722 ரூபா. 14 என்ற எண்ணைக் கேட்டு மகிழ்ந்தவர் 24க்கு எடுத்தவரைவிட மாதம் நூறு ரூபா கூடுதலாகக் கட்டுகிறார். மத்திய வங்கி பத்துப் புள்ளிகள் குறைத்துக் கொடுத்த நன்மை முழுவதையும் கணக்கிடும் முறையே தின்றுவிடும். எனவே சதவீதத்தைக் கேட்காமல் மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்டு, இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் கடன் கணிப்பான் எதுவும் இதற்குப் போதும்.

மூன்றாவது, முன்கூட்டியே கட்டி முடித்தால் அறவிடும் கட்டணம். மேலே சொன்ன 24 சதவீதக் கடனில் ஓராண்டு கட்டி முடித்தவருக்கு ஏறத்தாழ 3,71,000 ரூபா முதல் மீதி இருக்கும். வட்டி 14 சதவீதமாக இறங்கிய பின் வேறொரு வங்கியில் 24 மாதங்களுக்குப் புதுக்கடன் எடுத்து இதைத் தீர்த்தால், மாதத் தவணை 17,813 ரூபாவாகி, இரண்டு ஆண்டில் 43,000 ரூபாவளவில் மிஞ்சும். முன்கூட்டிய தீர்வுக்கு 5 சதவீதம் அறவிடுகிறார்கள் என்று வைத்தால் 18,550 ரூபா அதில் போகும். ஆவணச் செலவும் போகும். அப்போதும் மிச்சம்தான். கடைசி ஆறு மாதத் தவணைகள் மட்டும் மீதியிருப்பவருக்கோ அந்த அலைச்சல் வீண்.

காலமும் கணக்கில் சேரும். காலபோகத்துக்கு நிலம் பண்படுத்துவது செப்டெம்பர், ஒக்டோபரில். நெல் கைக்கு வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதத்தில் வரும் குறைப்பு விதைப்புக்கு முன் கிளைக்கு வந்து சேர நேரமுண்டு. செப்டெம்பர் இறுதியில் வருவதை எதிர்பார்த்து விதைப்பைத் தள்ளிப்போடுவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. மழை வட்டிக்குக் காத்திராது.

மலிந்த பணம் செய்ய இயலாதவை

மத்திய வங்கி வட்டியைப் பூச்சியம் வரை இறக்கலாம். ஜப்பான் 1999இலும் அமெரிக்கா 2008 டிசம்பரிலும் அவ்விடத்துக்குப் போயின. அதற்கப்பால் நீண்டகாலப் பத்திரங்களைப் பேரளவில் வாங்கிப் பணத்தைப் புகுத்துவதே வழியாயிற்று. ஜப்பான் அதை 2001 மார்ச்சில் தொடங்கியது. அந்நாடுகளின் கதை இங்கே விரிவாக வேண்டாம், நம் கதையே போதிய பாடம் வைத்திருக்கிறது.

கொவிட் தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், இலங்கையின் கொள்கை வட்டிகள் 4.5, 5.5 சதவீதத்துக்கு இறக்கப்பட்டன. நியதி ஒதுக்கும் ஜூனில் 2 சதவீதமாக்கப்பட்டது. சௌபாக்கியா என்ற பெயரில் 4 சதவீத வட்டிக்குத் தொழில் மூலதனக் கடன்களும் வங்கிகள் ஊடாகக் கொடுக்கப்பட்டன. முடங்கிய பொருளாதாரத்தைத் தூண்ட இவை எல்லாம் ஏற்கத்தக்க கருவிகளே. ஆனால் அதே வேளையில் மத்திய வங்கி அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை நேரடியாகவே பெருமளவில் வாங்கிக் குவித்தது. அரசாங்கத்தின் செலவுக்குப் புதுப்பணம் உண்டாக்கப்பட்டது. டொலரின் விலை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டதால், வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகள் வங்கியை விட்டு உண்டியலுக்கு மாறினர்; 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல் 2022இல் 3.8 பில்லியனாக வீழ்ந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, அந்தக் காலபோகத்தில் வயல்கள் விளைச்சல் குன்றின. வட்டி எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் இல்லாத யூரியாவைக் கடன் வாங்கி வாங்க முடியாது. முல்லைத்தீவுக் கடற்கரையில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையேறி நின்றதும், 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக விலை ஏறியதும் கடன் மலிவால் தீரும் நோய்களல்ல. பொருள் குறைந்திருக்கும் இடத்தில் பணம் கூடினால் விலையே கூடும்.

2022 மார்ச்சில் ரூபா அவிழ்த்துவிடப்பட்டு, ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது. அதற்கு நான்கு நாட்கள் முன்னர் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தி 13.5, 14.5 ஆக்கியது; 2023 மார்ச்சில் அவை 15.5, 16.5 ஆயின. பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பொருளாதாரம் அந்த ஆண்டு 7 சதவீதத்துக்கும் மேலாகச் சுருங்கியிருந்தும், தூண்டுவதற்குப் பதிலாகக் கடிவாளத்தை இழுக்க வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் முதல்நிலைச் சந்தையில் அரச பத்திரங்களை வாங்க மத்திய வங்கிக்குத் தடை விதித்தது இந்த அனுபவத்தின் விளைவே. தேர்தல் மேடையில் எவராவது 'மத்திய வங்கியிடம் வாங்கிக் கொடுப்போம்' என்று வாக்குறுதி அளித்தால், அந்தத் தடையை நீக்குவீர்களா என்று திருப்பிக் கேட்கலாம்.

வைப்பு வைத்திருப்போரும் அடைவு வைத்திருப்போரும்

வட்டிக் குறைப்பு எல்லோருக்கும் நல்ல செய்தியன்று. கனடாவிலோ சுவிஸிலோ உள்ள மகன் அனுப்பியதை நிலையான வைப்பில் போட்டு அதன் மாத வட்டியில் மருந்து வாங்கும் முதியோர் வன்னியில் நிறையப் பேர். அவர்களுடைய வருமானத்தைக் குறைத்துத்தான் கடனாளியின் சுமை இறக்கப்படுகிறது. இதை வெளிப்படையாகச் சொல்லும் அறிக்கையை நான் வாசித்ததில்லை.

அவர்கள் செய்யக்கூடியது, வட்டி இறங்கத் தொடங்கும் அறிகுறி தெரிந்தவுடனே வைப்பின் ஒரு பகுதியை ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதிக்கொள்வது. எழுதும்போது இன்றைய பணவீக்கத்தோடு வட்டியை ஒப்பிடுவது தவறான ஒப்பீடு. வெளியாகும் பணவீக்கம் சென்ற பன்னிரண்டு மாதத்தின் கதை, வட்டியோ வரப்போகும் மாதங்களுக்கு உரியது. 2021 செப்டெம்பரில் ஓர் இலட்சத்தை 6 சதவீதத்துக்கு வைத்த ஒருவர் ஓராண்டின் பின் 1,06,000 ரூபாவோடு கடைக்குப் போனால், முன்பு ஓர் இலட்சத்துக்கு வாங்கியவை 1,69,800 ரூபாவாகியிருக்கும். அதைக் கண்டு அஞ்சாமல், 2022 செப்டெம்பரில் 20 சதவீதத்துக்கு வைத்த இன்னொருவரின் ஓராண்டுப் பணவீக்கம் 1.3 சதவீதம் மட்டுமே. பயந்து பணத்தை எடுத்து, தேவையில்லாத மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களை நான் அறிவேன்.

கூடிய வட்டி தருவதாகக் கூப்பிடும் நிறுவனம் மத்திய வங்கியின் உரிமம் பெற்றதா என்று பார்ப்பது அவசியம். உரிமம் பெற்ற நிறுவனமானால் வைப்புக் காப்புறுதி உண்டு; 2024 நிலவரப்படி அது ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை. அதற்கு மேற்பட்ட தொகையை இரண்டு நிறுவனங்களில் பிரித்து வைக்கலாம். வட்டி குறையும் காலத்தில்தான் உரிமமில்லாதவர்களின் அழைப்புகள் பெருகும்.

நகையை அடைவு வைத்திருப்பவர் புதுப்பிக்கும் நாளைக் கவனிக்க வேண்டும். பழைய பற்றுச்சீட்டில் எழுதிய வட்டி அந்தத் தவணை முடியும் வரை அப்படியே ஓடலாம். குறைந்த வட்டி, மீட்டு மறுபடி வைக்கும்போதே உங்களுக்குக் கிடைக்கும். ஆகவே குறைப்பு அறிவிக்கப்பட்டுச் சில கிழமைகள் சென்றபின் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், இன்றைய அடைவு வட்டி எவ்வளவு, இதுவரை ஏறிய வட்டியைக் கட்டிப் புதுச்சீட்டு எழுதினால் அந்த வீதம் கிடைக்குமா என்று கேளுங்கள். புதுச்சீட்டு எழுதும்போது தங்கத்தின் விலை ஏறியிருப்பதைக் காட்டிக் கூடுதல் தொகை தர முன்வருவார்கள். விதைநெல்லுக்கும் உழவுக்கும் வேண்டிய தொகையை வீட்டிலேயே கணக்கிட்டு எழுதிக்கொண்டு போனால், அதற்கு மேல் வாங்காமல் திரும்பலாம்.